செக்ரோலுக்கு வெளியே

கேமரன் மலைக்குத் தேயிலை எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர், சிலோனில் தேயிலை போட்டுப் பழகிய ஏ.பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு, மலைக்காட்டை வெட்டி போ தோட்டத்தை உருவாக்கினார். அவர்களிடம் இருந்தவை ஒரு நீராவி ரோலர், சில கோவேறு கழுதைகள், ஏராளமான தொழிலாளர்கள். கம்பெனி தன் வரலாற்றைச் சொல்லும்போது இப்படித்தான் சொல்கிறது. சுற்றுலா எழுத்துகளும் இதையே கொஞ்சம் வார்த்தை மாற்றித் திரும்பச் சொல்கின்றன.

இந்தப் பட்டியலை ஒரு இலக்கியப் பிரதி மாதிரி வாசித்துப் பார்க்கலாம். ரோலருக்கு எண்ணிக்கை இருக்கு: ஒன்று. கழுதைகளுக்கும் ஆட்களுக்கும் அது இல்லை. எழுவாய் துரை. காட்டை வெட்டியது, சரிவைத் திருத்தியது, செடி நட்டது எல்லாமே துரையின் வினைமுற்றுகள். உண்மையில் வெட்டின கை, கருவிகளோடு கருவியாக மூன்றாவது இடத்தில் நிற்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனா யார் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இது முழுக்கதையாகத் தெரியும் என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஒரு கம்பெனி தன் கதையைத் தன் பக்கமிருந்து சொல்வதில் ஆச்சரியம் இல்லை. நம்ம பிரச்சினை வேற. அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் என்ன இருக்கு? அதற்குத் தேவையான தாள்களும் படங்களும் குரல்களும் யார் கையில் இருக்கு? தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் சமூக ஆவணகங்களைப் பற்றி இப்போது உற்சாகமாகப் பேசுகிறோம். பழைய படம், பழைய பத்திரிகை, பாட்டியின் பெட்டி என்று சேகரிக்கக் கிளம்பும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்காங்க. அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் விமர்சனத்தோடு பார்க்கணும் என்பது என் கட்சி. சேகரிப்பது மட்டும் போதாது. ஒரு பொருளைக் கொடுத்தவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதி வைக்காத ஆவணகம், எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்தாலும், தோட்டத்து ஆபீஸ் செய்ததையே மறுபடியும் செய்யும்.

இரண்டு ஆவணகங்கள்

ஒவ்வொரு தோட்டத்திலும் ஆரம்பத்திலிருந்தே இரண்டு ஆவணகங்கள் இருந்திருக்கின்றன. ஒன்று ஆபீஸில் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று குறித்து, மாதக் கடைசியில் கிராணி கூட்டிக் கணக்குப் போட்ட செக்ரோல் அதன் முக்கியமான புத்தகம். அதில் ஒரு மனிதர் என்றால் ஒரு பேர், ஒரு எண், வேலை செய்த நாள், பிடித்தம், கைக்கு வந்த சம்பளம். இந்தக் காகிதங்களும் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளும் நில அளவைப் படங்களும் ஆங்கிலத்தில், ஃபைல் போட்டு, வருஷவாரியாக இருந்தன. அதனால் அவை நூலகங்களுக்குப் போய்ச் சேர ஒரு வழி இருந்தது. மலேசியாவின் தேசிய ஆவணகம் 1957-இல் தொடங்கப்பட்டது. அரசாங்கக் காகிதத்துக்கு அன்றிலிருந்தே ஒரு வீடு உண்டு.

இன்னொரு ஆவணகம் லயத்து வீட்டில், கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியாகவோ அலமாரி மேல் பிஸ்கட் தகரமாகவோ இருந்தது. உள்ளே என்ன இருக்கும்? அடையாள அட்டை: குடியுரிமை கிடைத்தவர்களுக்கு நீலம், கிடைக்காதவர்களுக்குச் சிவப்பு. பிறப்புப் பத்திரம். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா ரசீது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குக் காகிதம். ஊரிலிருந்து வந்த கடிதங்கள், ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம், மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ், பிள்ளைகளின் பள்ளி ரிப்போர்ட், அடகுக்கடைச் சீட்டு.

இந்த இரண்டும் ஒரே ஆளைப் பற்றிப் பேசும்போதுகூட ஒத்துப்போகாது. கிராணி காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதின பேர் ஒன்று. அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி போட்டு வேறு எழுத்துக்கூட்டலில் வந்த பேர் இன்னொன்று. கோயில் நோட்டீஸில் தமிழில் அச்சான பேர் மூன்றாவது. லயத்தில் எல்லாரும் வாயாரக் கூப்பிட்ட பேர் எந்தத் தாளிலும் இருக்காது. இதில் எது சரி என்று ஒன்றை முடிவு செய்து மற்றதை விட்டுவிட்டால், நாளைக்குத் தன் பாட்டனைத் தேடி வருகிற பேத்திக்கு வழி அடைபட்டுப்போகும். எல்லாப் பேரையும் வைத்துக்கொண்டு, எது எந்தத் தாளில் இருந்தது என்று குறிப்பதுதான் ஆவண வேலை.

கேமரன் மலையில் இந்தப் பெட்டிகளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. போ தோட்டம் ஆரம்பித்த அடுத்த வருஷமே, 1930-இல், உலகப் பொருளாதார மந்தத்தால் தமிழ்நாட்டிலிருந்து உதவித்தொகையில் ஆள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. 1934-இல் மறுபடி தொடங்கி, 1938-இல் இந்திய அரசின் தடையோடு அது முடிந்துபோனது. ஆக, மலைமேல் முதலில் ஏறினவர்களில் பலர் கீழே இருந்த ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்திருக்கக்கூடும். எந்தத் தோட்டம், யார் கூட்டி வந்தது, தாப்பாவிலிருந்து எப்படி ஏறினாங்க? இதற்கெல்லாம் கம்பெனிக் கதையில் பதில் தேடிப் பயனில்லை. ஏதோ ஒரு வீட்டில், ஒரு பழைய கடிதத்தின் மேல்விலாசத்தில் பதில் இருக்கலாம்.

ஆனால் அந்தப் பெட்டி அதிக நாள் தாங்காது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி பண்ணணும். ரிங்லெட்டுக்கோ பிரிஞ்சாங்குக்கோ ஈப்போவுக்கோ கோலாலம்பூர் அடுக்குமாடிக்கோ குடும்பம் மாறும்போது ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குப்பைக்குப் போகும். குப்பைக்குப் போவதில் பெரும்பாலும் தாள்கள்தான் முதலில். குத்துவிளக்கை யாரும் எறிய மாட்டாங்க. சந்தா ரசீதை எறிவாங்க.

மலையில் இருப்பவை, மலையகத்தில் இருப்பது

கேமரன் மலைக்குப் போகிறவர் பழசைப் பார்க்க விரும்பினால் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, சுங்கை பாலாஸ் தோட்டத்தில் போ கம்பெனி நடத்தும் தேநீர் மையம். சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் கட்டடத்திலிருந்து தேயிலைக் காட்டைப் படம் எடுக்காமல் திரும்பியவர்கள் குறைவு. இன்னொன்று, பிரிஞ்சாங் பக்கம் உள்ள டைம் டன்னல் என்ற தனியார் அருங்காட்சியகம். பழைய கடைப் பலகைகள், பொம்மைகள், முடிதிருத்தும் நாற்காலி, காப்பிக்கடைச் சாமான்கள், மலையின் பழைய படங்கள் என்று ஒருவரின் தனி ஆர்வத்தில் சேர்ந்த சேகரம் அது. அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. அவர் சேர்த்திருக்காவிட்டால் அதில் பாதி இன்று இருந்திருக்காது.

இருந்தாலும் ஏக்கத்தை மையமாக வைக்கும் எந்த அருங்காட்சியகத்துக்கும் ஒரு பொதுவான குணம் இருக்கு. "அட, எங்க வீட்டுலயும் இது இருந்துச்சே" என்று பார்வையாளர் சொல்லும்போதுதான் அங்கே பொருள் வேலை செய்கிறது. எல்லார் வீட்டிலும் இருந்த மிலோ தகரம் அதற்குச் சரியான பொருள். அந்தத் தகரம் குறிப்பாக யார் வீட்டில் இருந்தது, அதில் அவர்கள் என்ன வைத்திருந்தார்கள் என்ற தகவல் அந்த இன்பத்துக்குத் தேவைப்படுவதில்லை. சில சமயம் இடைஞ்சலாகக்கூட இருக்கும். தகரத்துக்குள் சிவப்பு அடையாள அட்டை இருந்தது என்று தெரிந்தால் ஏக்கம் வேறு ஏதோவாக மாறிவிடும்.

தேயிலைத் தொழிலாளரையே எழுவாயாக வைத்த ஒரு இடத்தைப் பார்க்கணும் என்றால் கடல் தாண்டி இலங்கைக்குப் போகணும். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்காக் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு லயத்தையே அருங்காட்சியகமாகவும் ஆவணகமாகவும் 2007-இல் மாற்றினார்கள். சமூக அபிவிருத்தி நிறுவனம் என்ற அமைப்பு செய்த வேலை அது. அங்கே முதல் காட்சிப்பொருள் அறையின் அளவுதான். ஒரு குடும்பம் முழுக்க இந்த இடத்துக்குள் எப்படிப் படுத்தது என்று நின்று பார்த்தால் போதும். 2023-இல், மலையகத்துக்கு ஆட்கள் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் மக்கள் மறுபடி நடந்தார்கள். ஒரு சமூகம் தன் வரலாற்றைத் தானே சொல்ல முடிவெடுத்தால் கட்டடம், காகிதம், கால்நடை எல்லாமே ஆவணமாகும் என்பதற்கு இது சாட்சி.

இதை அப்படியே தூக்கி வந்து பகாங்கில் வைக்க முடியாது. இலங்கையில் 'மலையகத் தமிழர்' என்பது ஒரு அரசியல் அடையாளமாகவே வளர்ந்தது. மலேசியாவில் தோட்டம் என்றால் ரப்பர், அப்புறம் செம்பனை. கேமரன் மலைத் தேயிலைத் தமிழர்கள் அந்தப் பெரிய கதையின் ஓரத்தில் இருக்கும் சிறிய கூட்டம். அதனால் இங்கே பெரிய நிறுவனம் எழும்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாலைந்து பேர், ஒரு ஸ்கேனர், ஒழுங்கான ஒரு பதிவேடு போதும். அந்தப் பதிவேடு எப்படி இருக்கணும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கு.

ஒரு குறிப்பு எழுதுவது எப்படி

ஒரு உதாரணத்துக்கு, யாரோ ஒருவர் ஒரு படம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடை சுமந்த ஒரு பெண், பின்னால் தேயிலைச் சரிவு. அவசரமான தன்னார்வலர் இப்படி எழுதுவார்: 'தேயிலை பறிக்கும் பெண், கேமரன் மலை, 1960கள்.' காலனிய காலத்து அஞ்சலட்டைகளும் இதே வாக்கியத்தைத்தான் எழுதின. தொழில், பால், இடம், தோராயமாகக் காலம். ஆள் இல்லை.

அதே படத்துக்கு வேறு மாதிரியும் ஒரு குறிப்பு எழுத முடியும். கொடுத்தவர்: படத்தில் இருப்பவரின் தங்கை மகள். அவர் சொன்னது: "இது எங்க பெரியம்மா. படம் எடுக்க வந்த ஆளு அவங்கள கூடையைத் தலையில மாட்டச் சொன்னான். அன்னைக்கு அவங்களுக்கு வேலையே இல்ல, கோயிலுக்குக் கெளம்பி நின்னாங்க. சேலையைப் பாருங்க." பின்பக்கம்: பென்சிலில் ஒரு தேதி, ஒரு ஸ்டூடியோ முத்திரை. பெட்டியில் இதோடு சேர்ந்து இருந்தவை: ஒரு ரசீது, இரண்டு கடிதம். இந்தக் குறிப்பு வந்ததும் படமே மாறிப்போகிறது. வேலை செய்யும் பெண்ணின் படம் என்று நாம் நினைத்தது, வேலை செய்வது போல நிற்கவைக்கப்பட்ட பெண்ணின் படம் என்று தெரிகிறது. இப்படி ஒரு விவரம் கொடுத்தவர் வாயிலிருந்துதான் வரும். எந்த ஸ்கேனரும் அதைக் கொண்டுவராது.

கேமரன் மலையில் இன்று தேயிலையைப் பெரும்பாலும் கத்தரியாலும் கையில் பிடிக்கும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். ஆனால் கூடை சுமந்த பெண்ணின் உருவம் பொட்டலங்களிலும் விளம்பரங்களிலும் இன்னும் உலவுகிறது. குறிப்பில்லாத படம் ஆவணகத்திலிருந்து வெளியே போனால் அந்த உருவத்துக்குத் தீனியாகத்தான் போகும்.

'பெரியம்மா' என்ற சொல்லையும் கவனிக்கணும். பட்டியலில் 'உறவினர்' என்று எழுதினால் தகவல் தேய்ந்துவிடும். பெரியம்மா, சின்னத்தா, அத்தை, ஒன்றுவிட்ட மாமா என்று சொல்லும்போது யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் யார் கூடச் சேர்ந்து மலையேறியது என்ற வரைபடம் தானாக உருவாகும். பெரட்டு, மண்டோர், கிராணி, ஆயாக்கொட்டகை, சடக்கு மாதிரியான சொற்களும் அப்படித்தான். அவற்றைச் சுத்தத் தமிழாகத் திருத்தினாலோ ஆங்கிலத் தலைப்புக்குள் அடைத்தாலோ நாளைக்கு அந்தச் சொல்லை வைத்துத் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது.

கொடை என்றால் என்ன

கொடுப்பதிலும் பல வகை இருக்கு. முழுதாகக் கொடுப்பது, கொஞ்ச காலத்துக்கு இரவலாகக் கொடுப்பது, நகல் எடுக்க மட்டும் கொடுப்பது. தன்னார்வக் குழுக்கள் இந்த வேறுபாட்டைப் பல நேரம் பேசுவதே இல்லை. "நம்ம ஆளுங்கதானே" என்ற நம்பிக்கையில் தாள் கை மாறும். கொடுத்தவர் இறந்த பிறகு மகன் வந்து கேட்கும்போது சண்டை ஆரம்பிக்கும். அரைப் பக்கத்தில் தமிழில் ஒரு கொடைக் கடிதம் போதும்: என்ன கொடுக்கப்பட்டது, எந்த வகையில், யார் பார்க்கலாம், எதைப் பொதுவில் போடக்கூடாது, திரும்பக் கேட்டால் என்ன செய்வோம். இரண்டு நகல், ஒன்று கொடுத்தவருக்கு. செக்ரோல் காலத்தில் கைநாட்டு வைத்த தாளின் நகல் தொழிலாளிக்குக் கிடைத்திருக்குமா? அந்த வழக்கத்தை உடைப்பது இந்தக் கடிதத்தில்தான் ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணகம் மூலத்தை வாங்கிக்கொள்வதே இல்லை. ஸ்கேன் செய்துவிட்டு குடும்பத்திடமே திருப்பிக் கொடுக்கிறது. கேமரன் மலை மாதிரி இடத்துக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் கைக்கு வந்துவிட்டால் அதைக் காப்பாற்ற ஒரு அறை வேண்டும், அறைக்கு வாடகை வேண்டும். பொருள் வீட்டிலேயே இருந்தால் வீட்டுக்காரருக்கு அதன் மதிப்பும் தெரியும். "இதெல்லாம் எதுக்கு வேணும்" என்று கேட்டவர், ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்த பிறகு எறிய யோசிப்பார்.

எதை வெளியிடக்கூடாது என்பதும் ஆவணகத்தின் பொறுப்பு. அடையாள அட்டை எண், கடன் விவரம், குடும்பச் சண்டை பற்றிய கடிதம், சாதிப் பேரைச் சொல்லி எழுதிய மொய்ப் புத்தகம் எல்லாம் பெட்டியில் இருக்கும். மறைத்து அழிக்க வேண்டாம், உடனே இணையத்தில் ஏற்றவும் வேண்டாம். இத்தனை வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று எழுதி மூடி வைக்கலாம். வாங்க மறுக்கவும் தெரியணும். வேறு இடத்தில் பத்துப் பிரதி இருக்கும் பாடப்புத்தகத்துக்குச் செலவாகும் நேரம், ஒரே பிரதி உள்ள திருவிழா நோட்டீஸுக்குப் போகணும்.

ஈரமும் கடவுச்சொல்லும்

கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் தானா ராத்தாவின் குளிர், காகிதத்துக்கு நல்லதுதான். ஆனா மூடுபனியின் ஈரம் நல்லதில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். மலைமேல் பெரும்பாலும் அதைவிட அதிகம். ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்ட ஆல்பம் படத்தின் மேல்பரப்பையே பிய்த்தெடுக்கும். இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். தரையில் வைத்த பெட்டியைக் கரையான் தேடி வரும். அமிலமில்லாத உறை, தரையை விட்டு உயரமான அலமாரி, சிலிக்கா ஜெல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் ஒரு ஆள். இவ்வளவுதான் செலவு. படத்தை 600 டிபிஐயில், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யணும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஆளைச் சார்ந்தது. தன்னார்வக் குழுவில் எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். எந்தப் பெட்டி யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும், கடவுச்சொல்லும் அவரிடம்தான் இருக்கும். கல்யாணம், வேலை மாற்றம், மனக்கசப்பு என்று அவர் விலகும் நாளில் ஆவணகமும் நின்றுபோகும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், 1992-இல் அவர் இறந்த பிறகு சிதறியிருக்கும். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் இன்று சென்னையில் ஒரு ஆய்வு நூலகமாக இருக்கு. எல்லாத் தனிமனிதச் சேகரத்துக்கும் சிகாகோ வராது.

மலேசியாவில் முரசு நெடுமாறன் நூறு ஆண்டுக் கவிதைகளைத் தேடித் தேடிச் சேர்த்து 1997-இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய'மாக வெளியிட்டார். அச்சுக்குப் போனதால் அது பிழைத்தது. ஈழத்தில் 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நினைவோடு 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் இன்றுவரை ஓடுகிறது. ஒருவர் போனால் இன்னொருவர் தொடரும்படி வேலையைத் திறந்த முறையில், பட்டியலோடு, இணையத்தில் வைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேமரன் மலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பதிவேடு. அது எல்லார் கைக்கும் எட்டும்படி இருந்தால் குழு உடைந்தாலும் சேகரம் உடையாது.

இன்னொரு உறுத்தலும் இருக்கு. குறைந்த கூலிக்கு உழைத்தவர்களின் வரலாற்றைக் கூலியே இல்லாமல் உழைத்துச் சேர்க்கிறோம். தொண்டு என்ற சொல் இதை அழகாக மூடிவிடும். ஸ்கேன் செய்யும் கல்லூரி மாணவிக்குப் பஸ் காசும் சாப்பாடும் தருவது, அவர் பேரைக் குறிப்பின் கீழே எழுதுவது எல்லாம் சின்ன விஷயங்கள்தான். தொழிலாளர் ஆவணகம் தன் தொழிலாளரைப் பேரில்லாமல் வைத்தால் அது என்ன ஆவணகம்?

எழுதப் போகிறவர்களுக்கு

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தேயிலைத் தோட்டம் தமிழ்ப் புனைவுக்குள் வந்த விதத்தைப் பாருங்க. புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யை 1935-இல் எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை செய்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. இருவரும் லயத்தில் பிறந்தவர்கள் இல்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சி.வி. வேலுப்பிள்ளை இலங்கையில் வேறு ஒரு குரலைத் தந்தார், தோட்டத்து மக்களின் பாடல்களையும் தொகுத்தார். மலேசியத் தமிழ்ப் புனைவில் தோட்டம் என்றால் பெரும்பாலும் பால்மரம்தான். மூடுபனியும் கம்பளியும் கூடையுமான இந்த மலைக்கு ஒரு பெரிய நாவல் வேண்டும் என்றால், அதன் முதல் பக்கங்கள் அந்தப் பிஸ்கட் தகரங்களுக்குள்தான் இருக்கின்றன.

தோட்டமும் அப்படியே நிற்கவில்லை. அதே சரிவுகளில் இன்று வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். தேயிலைக்கு முன்னாலேயே அந்த மலையில் செமாய் மக்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் பெட்டி இன்று கைப்பேசி. தமிழர் நடத்தும் ஒரு ஆவணகம் அவர்கள் கொடுக்கும் ஒரு படத்தை வாங்குமா, வாங்கினால் குறிப்பில் என்ன எழுதும்? 'வெளிநாட்டுத் தொழிலாளி, கேமரன் மலை' என்று எழுதினால், ரோலரையும் கழுதையையும் சொல்லிவிட்டு நம் பாட்டனைக் கூட்டமாகச் சேர்த்த அதே வாக்கியத்தை இப்போது நாம் எழுதுகிறோம் என்று அர்த்தம்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு ஆரம்பிக்கலாம்: கொடுத்தவர் பேர், அவர் சொன்னது, படத்தில் இருப்பவர் பேர். மூன்றாவது கட்டம் பல நேரம் காலியாகத்தான் இருக்கும். காலியாகவே விடணும். 'பெண்' என்றோ 'தொழிலாளி' என்றோ அதை நிரப்பிவிட்டால், ஒருநாள் அந்தப் பேர் தெரிந்த ஒருவர் வரும்போது எழுத இடம் இருக்காது.